அயர் மோலேக் மதிலுக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை

'தம்போய்' என்ற பெயரைச் சொன்னால் ஜொகூர்க்காரர்கள் ஒரு மாதிரியாகச் சிரிப்பார்கள். "ஓகோ, அங்கேயா இருக்கிறீர்கள்?" என்று கேலியும் பேசுவார்கள். 1937-ஆம் ஆண்டிலிருந்து எங்கள் ஊரில் மனநோய் மருத்துவமனை இருப்பதுதான் காரணம். பெர்மாய் மருத்துவமனை என்று அதற்குப் பெயர் வைத்து எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனாலும் 'தம்போய்க்கு அனுப்ப வேண்டியதுதான்' என்ற பேச்சு மட்டும் மாறவில்லை.

கோலாலம்பூரில் 'புடு' என்ற பெயருக்கும் இதே கதிதான் இருந்தது. 'புடுவுக்குப் போய்விட்டான்' என்றால் சந்தைக்குப் போனான் என்று யாரும் நினைக்கமாட்டார்கள். ஜெயிலுக்குப் போய்விட்டான் என்றுதான் பொருள். ஓர் ஊரில் உயர்ந்த மதில் ஒன்றைக் கட்டிவிட்டால், பிறகு அந்த ஊரின் பெயரே மதிலுக்குள் அடைபட்டுப் போகிறது!

ஜொகூர் பாருவில் அப்படி ஒரு மதில் உண்டு. அயர் மோலேக் சாலையில் இருக்கும் பழைய சிறைச்சாலைதான் அது. தம்போயிலிருந்து டவுனுக்குப் போய்வருகிற நாங்கள் எத்தனையோ முறை அதன் பக்கமாகப் போயிருக்கிறோம். சிறு வயதில் பஸ்ஸில் போகும்போது, அந்த மதில் வந்ததும் அம்மா என் தலையை மறுபக்கம் திருப்பிவிடுவார். "அங்கே பார்க்காதே" என்பார். ஏன் என்று கேட்டால் பதில் வராது.

அந்தச் சிறைச்சாலையை இப்போது பொதுமக்கள் போய்ப் பார்க்கும் இடமாக ஆக்கியிருக்கிறார்கள். பள்ளி விடுமுறையில் என் பேரன் ஒற்றைக் காலில் நின்றான். "தாத்தா, ஜெயில் பார்க்கப் போகலாம்" என்று நச்சரித்தான். தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிற பையன். சரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கிளம்புவோம் என்று முடிவு செய்தோம்.

பெரியப்பா சொன்ன மறுப்பு

எங்கள் வீட்டில் மூத்தவர் பெரியப்பா. வயது எண்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. பால் வெட்டிய கை, இன்னும் நடுங்காமல் தேநீர்க் கோப்பையைப் பிடிக்கும். எங்கே கிளம்பினாலும் முதல் ஆளாக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காரில் ஏறி உட்கார்ந்துவிடுவார். அன்றைக்கு மட்டும் அசையவில்லை.

"ஜெயிலைப் போய் வேடிக்கை பார்க்கிறதா? நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் போகிற இடமா அது? நான் வரவில்லை, நீங்கள் போங்கள்" என்றார்.

"இப்போது அங்கே கைதிகள் யாரும் இல்லை, பெரியப்பா. எல்லோரும் குடும்பமாக வருகிறார்கள். படம் பிடித்துக்கொள்கிறார்கள்" என்று சொல்லிப் பார்த்தேன்.

"அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடைசியில் பேரன் போய் அவர் கையைப் பிடித்தான். "வாங்க பூட்டா, நீங்க வரலைன்னா நானும் போகலை" என்றான். கிழவர் எழுந்துவிட்டார். ஆனால் வழி நெடுகிலும் வாய் திறக்கவில்லை.

அரசர் காலத்து மதில்

அயர் மோலேக் சிறைச்சாலை கட்டத் தொடங்கியது 1882-இல். மறு வருடமே கட்டி முடிந்தது. அப்போது ஜொகூரை ஆண்டவர் மகாராஜா அபு பாக்கார். 1885-இல் சுல்தான் பட்டம் பெற்று, நவீன ஜொகூரின் தந்தை என்று பெயர் எடுத்தவர் இவரே. சிங்கப்பூரிலும் மேற்குக் கரை மாநிலங்களிலும் சிறை கட்டியவன் வெள்ளைக்காரன். ஜொகூரில் கட்டியது மலாய் அரசர். ஜொகூருக்கு வெள்ளைக்கார ஆலோசகர் வந்து சேர்ந்ததே 1910-இல்தான்.

இந்த மதில் எழுந்த காலத்தில் ஜொகூரில் ரப்பர் மரமே இல்லை. எங்கு பார்த்தாலும் மிளகும் கம்பீரும்தான். சீனர்கள் ஆற்றோரங்களில் காட்டை வெட்டி அவற்றைப் பயிரிட்டார்கள். தோல் பதனிடவும் சாயம் போடவும் கம்பீர் இலைச்சாற்றைக் காய்ச்சி எடுத்தார்கள். நம்மவர்கள் பெருங்கூட்டமாக இங்கே வந்தது இருபதாம் நூற்றாண்டு பிறந்த பிறகு, ரப்பரோடு. 1909-இல் ஜொகூர் ரயில் பாதை முடிந்து, வடக்கே உள்ள மாநிலங்களோடு இணைந்தது. அந்தத் தண்டவாளத்தின் இருபுறமும் தோட்டங்கள் முளைத்தன. தோட்டங்களில் லயங்கள் முளைத்தன. லயங்களில் நாம் முளைத்தோம்.

அத்தனை காலமும் இந்தச் சிறை வேலை செய்துகொண்டிருந்தது. ஆங்கிலேயர் ஆட்சி, 1942-இல் தொடங்கிய ஜப்பான்காரன் ஆட்சி, 1957-இல் வந்த சுதந்திரம் எல்லாவற்றையும் அது பார்த்தது. 2005-ஆம் ஆண்டு கடைசியில்தான் கைதிகளை வேறு இடத்துக்கு மாற்றி, கதவை மூடினார்கள். கணக்குப் பார்த்தால் 122 ஆண்டுகள்!

நகரமோ அதைச் சுற்றி வளர்ந்துவிட்டது. கட்டும்போது ஊருக்குப் புறத்தே இருந்த மதில், இப்போது நகரின் நடுவில் இருக்கிறது. ஒரு பக்கம் வீடுகள், ஒரு பக்கம் அடுக்குமாடிகள், சாலையில் ஓயாத வண்டிகள். உள்ளே போனால் அந்த இரைச்சல் சட்டென்று குறைந்துவிடுகிறது. மதிலின் பருமன் அப்போதுதான் தெரிகிறது.

உள்ளே

சிறைச்சாலையைப் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். அரண்மனையைப் போல அலங்காரமோ, கோயிலைப் போல சிற்பமோ இல்லை. பார்க்க வேண்டியது அளவுகளைத்தான். கதவு எவ்வளவு தடிப்பு, சன்னல் எவ்வளவு சிறிது, அது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். வெளிச்சம் வரவேண்டும், ஆனால் வெளியே எதுவும் தெரியக்கூடாது. அப்படித்தான் அளந்து வைத்திருக்கிறார்கள்.

பேரன் ஓர் அறைக்குள் ஓடினான். இரண்டு கைகளையும் நீட்டிச் சுவருக்குச் சுவர் அளந்து பார்த்தான். பிறகு என்னைப் பார்த்து, "தாத்தா, இதுக்குள்ளே ஃபேன் இல்லையே, ராத்திரி எப்படித் தூங்குவாங்க?" என்று கேட்டான். பக்கத்தில் நின்ற ஒரு மலாய்க் குடும்பம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திரும்பிப் பார்த்தால் பெரியப்பா அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரவில்லை, போகவும் இல்லை. ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்திருந்தார். கண் கலங்கியிருந்தது.

"என்ன பெரியப்பா, தலை சுற்றுகிறதா? வெளியே போய்விடலாமா?"

"இல்லையப்பா" என்றார். பிறகு மெதுவாக, "என் தாத்தா இப்படி ஓர் அறையில் ஒரு மாதம் கிடந்தார். உன் அப்பனுக்குக்கூட இது தெரியாது. எனக்கு மட்டும்தான் சொன்னார்" என்றார்.

ஓடிப்போன குற்றம்

வெளியே வந்து நிழலில் உட்கார்ந்தோம். பெரியப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர். அவரும் அவர் தம்பியும். கடிதாசியில் என்ன எழுதியிருந்தது என்று இருவருக்கும் தெரியாது. கட்டைவிரலில் மையைத் தடவி உருட்டினார்களாம், அவ்வளவுதான். செபராங் பிறையில் ஒரு கரும்புத் தோட்டம். காய்ச்சல் கண்ட சீமை. வந்த வருடமே தம்பி போய்விட்டார். அடக்கம் செய்த அன்றைக்கும் வேலைக்குப் போகச் சொன்னார்களாம். தாத்தா இருட்டோடு இருட்டாக ஓடிவிட்டார். மூன்றாம் நாள் பிடித்துவிட்டார்கள். கோர்ட்டில் நிறுத்தினார்கள். துரைக்குக் கடன்பட்டவன், கடன் தீராமல் ஓடினான் என்று ஒரு மாதம் ஜெயில் போட்டார்கள். கல் உடைத்தார். வெளியே வந்தால் வாசலில் தோட்டத்து ஆள் நிற்கிறான். திரும்பவும் அதே தோட்டம். ஜெயிலில் இருந்த நாள்களையும் பற்றில் சேர்த்து எழுதினார்களாம்."

சற்று நிறுத்தி மூச்சு விட்டார். பிறகு சொன்னார்:

"சாகிறவரைக்கும் அவருக்கு அது வெட்கம். ஜெயிலுக்குப் போன பரம்பரை என்று சம்பந்தம் பேச வருகிறவர்கள் சொல்லிவிடுவார்களோ என்ற பயம். ஒன்று மட்டும் என்னிடம் திரும்பத் திரும்பச் சொல்வார். 'பேராண்டி, கைநாட்டு வைக்காதே. கையெழுத்துப் போடப் படித்துக்கொள். படித்துப் பார்க்காமல் எதிலும் போடாதே.' அதற்காகத்தான் எங்களையெல்லாம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு அடித்து விரட்டினார்."

வாசகர்களே, என் பூட்டன் ஒரு சிறைக் கைதி என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பஸ்ஸில் அம்மா என் தலையைத் திருப்பிவிட்டதற்கும், பெரியப்பா காரில் ஏற மறுத்ததற்கும் காரணம் ஒன்றேதான்: வெட்கம். ஆனால் அந்த வெட்கத்தை யார் பட்டிருக்க வேண்டும்?

அந்தக் காலத்துச் சட்டத்தைத் தெரிந்துகொண்டால் இது விளங்கும். ஒப்பந்தக் கூலி முறையில் வந்தவர், கப்பல் செலவுக்கும் முன்பணத்துக்கும் ஈடாக இத்தனை வருடம் ஒரே முதலாளியிடம் வேலை செய்தாக வேண்டும். நடுவில் வேலையை விட்டுப் போனால், சாதாரணக் கடன்காரனைப் போல அவர்மீது வழக்குப் போடமாட்டார்கள். குற்றவாளியைப் போலப் பிடித்துச் சிறையில் போடுவார்கள். வேலைக்கு வராமல் இருப்பதும் குற்றம், ஓடிப்போவதும் குற்றம். இன்றைக்கு ஒருவன் ஒரு தொழிற்சாலையை விட்டு இன்னொரு தொழிற்சாலைக்குப் போனால் அதை வேலை மாறினான் என்கிறோம். அன்றைக்கு அதற்குப் பெயர் ஓடிப்போன குற்றம்.

மலாயாவில் இந்திய ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் ஒழிந்தது. அதன் பிறகு கங்காணி முறையே பெருவழக்கானது. அதிலும் துன்பம் குறைவில்லை என்பது நம் பாட்டன் பாட்டிகள் சொல்லி நமக்குத் தெரியும். என் பூட்டன் கடன் தீர்ந்து, பிறகு தெற்கே ரப்பர் வேலைக்கு வந்து சேர்ந்தவர். அப்படித்தான் நாங்கள் ஜொகூர்க்காரர்கள் ஆனோம்.

கைதிகள் கட்டிய ஊர்

சிறைக்கும் நமக்கும் உள்ள உறவு இன்னும் பழையது. தோட்டம் வருவதற்கு முன்பே, தமிழர்கள் உட்பட இந்தியர்கள் கைதிகளாகவே இந்தக் கரைக்கு வந்திருக்கிறார்கள்.

பாலத்துக்கு அப்பால் தெரிகிற சிங்கப்பூரைப் பாருங்கள். 1825-இல் சுமத்ராவின் பெங்கூலனிலிருந்து இந்தியக் கைதிகளை அங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். சென்னை மாகாணத்திலிருந்தும் வங்காளத்திலிருந்தும் நாடுகடத்தப்பட்டவர்கள் அவர்கள். அதன் பிறகு வருடா வருடம் புதுக் கைதிகள் வந்தார்கள். காட்டை வெட்டியதும், சதுப்பு நிலத்தைத் தூர்த்ததும், சாலை போட்டதும் அவர்கள்தாம். இன்றும் வெள்ளை வெளேரென்று நிற்கிற புனித ஆண்ட்ரூஸ் தேவாலயம் அவர்கள் கை பட்டு எழுந்தது. 1869-இல் முடிந்த ஆளுநர் மாளிகை, இப்போது சிங்கப்பூர் அதிபர் இருக்கிற இஸ்தானா, அதுவும் அவர்கள் உழைப்பே. பிரஸ் பாசாவில் இருந்த அவர்களுடைய சிறையையும் அவர்களே கட்டினார்கள். நன்னடத்தை உள்ள கைதிகளையே மற்றக் கைதிகளுக்குக் காவலராகவும் வைத்தார்கள். அதைப் பார்ப்பதற்கு வெளிநாட்டு அதிகாரிகள் வந்தார்களாம். 1873-இல் அந்தச் சிறை முறை முடிவுக்கு வந்தது. தண்டனைக் காலம் முடியாதவர்களை அந்தமானுக்கு அனுப்பினார்கள். விடுதலையானவர்களில் பலர் இங்கேயே குடும்பம் நடத்திக் கலந்து போனார்கள்.

மாளிகைக்கு வருகிறவர்கள் தூணைப் பார்த்து வியக்கிறார்கள். தூணைத் தூக்கி நிறுத்தியவன் யாரென்று கேட்பவர்கள் குறைவு.

புடு வாசல்

அயர் மோலேக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் மனம் கோலாலம்பூருக்குப் போய்விட்டது. 1997-இல் புடு சிறைச்சாலையைச் சில காலம் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். வேலை விஷயமாக அங்கே போயிருந்த நான் ஒரு மாலைப்பொழுது உள்ளே போய்ப் பார்த்தேன்.

புடு சிறை 1891-இல் தொடங்கி 1895-இல் முடிந்தது. பெருக்கல் குறி போன்ற அமைப்பு. நடுவில் நின்றால் நான்கு பக்கமும் கைதிகளின் அறைகள் தெரியும். ஒரு காவலர் நான்கு சிறகுகளையும் கண்காணிக்கலாம். வேலையில் பெரும்பகுதியைச் செய்தவர்கள் கைதிகளே. ஜப்பான்காரன் வந்ததும், பிடிபட்ட ஆங்கிலேய, ஆஸ்திரேலியப் போர்வீரர்களை அதே சிறையில் அடைத்தான். மதிலின் வெளிப்புறத்தில் தென்னை மரமும் கடலும் மலையுமாக நீளமான ஓவியம் ஒன்று இருந்தது. அதைத் தீட்டியவர் உள்ளே இருந்த ஒரு கைதி. உலகிலேயே மிக நீளமான சுவரோவியங்களில் ஒன்று என்று பெயர் வாங்கியது. மதிலுக்கு உள்ளே இருந்தவன், வெளியே போகிறவர்கள் பார்க்கட்டும் என்று கடலை வரைந்து வைத்தான்!

ஆனால் நான் அங்கே தேடிப் போனது வேறு. மலாயா கணபதியின் உயிர் பிரிந்த இடத்தை.

இளைய தலைமுறைக்கு அந்தப் பெயர் தெரியாமல் இருக்கலாம். எஸ். ஏ. கணபதி தஞ்சைச் சீமையில் பிறந்து, சிறு வயதில் சிங்கப்பூர் வந்தவர். நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் பயிற்சியாளராக இருந்தவர். போர் முடிந்ததும் தொழிற்சங்கத்தில் இறங்கினார். அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானார். தோட்டத்திலும் துறைமுகத்திலும் இருந்த எல்லா இனத் தொழிலாளர்களையும் ஒரு குடையின்கீழ் கொண்டுவந்த சங்கம் அது. 1948 ஜூனில் வெள்ளைக்காரன் அந்தச் சம்மேளனத்தைத் தடை செய்தான். அதே மாதத்தில் அவசரகாலமும் பிரகடனமாயிற்று. துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு என்று சட்டம் வந்தது.

1949 மார்ச்சு மாதம் ரவாங்குக்கு அருகில் கணபதி பிடிபட்டார். அவரிடம் ஒரு கைத்துப்பாக்கி இருந்தது என்பது வழக்கு. அதைப் போலீசில் ஒப்படைக்கத்தான் எடுத்துப் போனேன் என்று அவர் சொன்னார். நீதிமன்றம் ஏற்கவில்லை. இந்திய அரசாங்கம் தலையிட்டுக் கேட்டது. பலிக்கவில்லை. 1949 மே 4-ஆம் நாள் புடு சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அதற்கு முந்தின நாள்தான் மற்றொரு தொழிற்சங்கத் தலைவரான வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

கணபதியின் அரசியல் எல்லோருக்கும் உடன்பாடாக இருக்க வேண்டியதில்லை. அன்றைக்கும் அவரை ஏற்காதவர்கள் நம்மிலேயே உண்டு. ஆனால் தோட்டத் தொழிலாளியின் கூலிக்காகப் பேசிய ஒருவர் அந்த மதிலுக்குள் உயிர்விட்டார் என்பது நடந்த செய்தி. நடந்ததை அழிக்க முடியாது.

அழிக்க முடியாது என்றா எழுதினேன்? மதிலை அழித்துவிட்டார்கள். 1996-இல் கைதிகளை வேறு சிறைகளுக்கு மாற்றினார்கள். 2010 ஜூனில் புடு சாலையோர மதிலை, அந்த ஓவியத்தோடு சேர்த்து, இடித்தார்கள். அதைக் காப்பாற்ற வேண்டும் என்று கேட்டவர்களுக்கு, பெருமைப்படத்தக்க சின்னம் ஒன்றும் அல்லவே என்று அரசாங்கத் தரப்பிலிருந்து பதில் வந்தது. 2012 முடிவதற்குள் உள் கட்டடங்களும் போய்விட்டன. அந்த இடத்தில் இன்று பெரிய வணிக வளாகம் நிற்கிறது. 2022-இல் திறந்தார்கள். ஹங் துவா ரயில் நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே இருக்கிறது. பழைய சிறையின் நுழைவாசலை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டே பிள்ளைகள் அதன் பக்கத்தில் நடந்து போகிறார்கள். உள்ளே கட்டடம் இல்லாத வாசல்.

பெருமைப்பட ஒன்றுமில்லை என்ற அந்தப் பேச்சுத்தான் எனக்கு உறுத்துகிறது. பெருமைப்படத்தக்கதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை இடித்துவிட்டால், என் பூட்டனின் கதை எந்தக் கட்டடத்தில் மிஞ்சும்?

செக்கும் சிற்றறையும்

தமிழ்நாட்டில் வேறு விதமாகச் செய்திருக்கிறார்கள். கப்பலோட்டிய தமிழர் வ.உ.சி. 1908-இல் தண்டனை பெற்று, கோயம்புத்தூர்ச் சிறையில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கு இழுத்தார். அவமானப்படுத்துவதற்காகக் கொடுத்த வேலை அது. அந்தச் செக்கையே இன்று சென்னை காந்தி மண்டபத்தில் வைத்திருக்கிறார்கள். அவமானச் சின்னம் வணக்கச் சின்னமாகிவிட்டது.

அந்தமானில் உள்ள சிற்றறைச் சிறையும் அப்படியே. 1906-இல் கட்டி முடித்தபோது ஏழு சிறகுகள், அறுநூற்றுத் தொண்ணூறுக்கு மேற்பட்ட தனி அறைகள். ஓர் அறையில் இருப்பவன் எதிர்ச் சிறகில் இருப்பவன் முகத்தைப் பார்க்க முடியாதபடி ஒன்றின் முதுகைப் பார்த்து மற்றொன்றைக் கட்டினார்கள். இன்று எஞ்சியிருப்பவை மூன்று சிறகுகள். 1979-இல் அதைத் தேசிய நினைவுச்சின்னம் ஆக்கினார்கள். இப்போது கப்பலிலும் விமானத்திலும் மக்கள் போய் அங்கே கும்பிட்டுவிட்டு வருகிறார்கள்.

மதிலுக்கு வெளியே நின்றவர்கள்

சிறை என்றதும் தியாகிகளை மட்டும் பேசி முடித்துவிட்டால் அது முழு உண்மையாகாது. திருடியவர்களும் வெட்டியவர்களும் அந்த மதிலுக்குள் இருந்தார்கள். நம் தோட்டத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோதும், செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் நிலம் மாறியபோதும், லயத்தை விட்டு டவுனுக்கு வந்து மலிவு வீடுகளில் ஒண்டிய குடும்பங்கள் எத்தனை! அப்பாவும் அம்மாவும் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. பையனைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. தோட்டத்தில் என்றால் ஒரு பிள்ளை தப்பு செய்தால் நாலு வீட்டுப் பெரியவர்கள் காதைத் திருகுவார்கள். டவுனில் அந்தக் காதுத் திருகல் இல்லை. கூட்டாளி இழுத்த இழுப்புக்குப் போனவன், ஒருநாள் மதிலுக்குள் போய்விடுகிறான்.

நான் இளைஞனாக இருந்தபோது, சிறைக்கு வெளியே மரநிழலில் காத்திருந்த ஒரு தாயைப் பார்த்திருக்கிறேன். தோட்டத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருப்பார் போலும். காலில் ரப்பர் செருப்பு, மடியில் ஒரு துணிப்பை. மகனைப் பார்க்கக் கிடைக்கப்போவது சில நிமிடம். அக்கம்பக்கத்தில் 'மகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான்' என்று சொல்லிவைத்திருப்பதாக அவர் பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பொய்யின் பாரம் அந்தப் பையைவிடக் கனமாக இருந்தது.

அப்படிப்பட்ட தாய் உங்கள் வரிசையில் இருந்தால், அவரை ஒதுக்காதீர்கள். தண்டனையை மகன் அனுபவிக்கிறான். தாய்க்கு நாம் வேறு தண்டனை கொடுக்க வேண்டாம். திருந்தி வெளியே வருகிறவனுக்கு முதலில் வேண்டியது வேலையும், 'வா தம்பி, சாப்பிட்டாயா?' என்று கேட்கிற ஒரு வாயும்தான். வாசலில் கதவு திறந்து, ஊரில் கதவு மூடினால், அவன் திரும்பவும் அந்தப் பழைய கதவைத்தான் தட்டுவான்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை

அயர் மோலேக் ஜொகூர் பாரு நகரத்திலேயே இருப்பதால், போவது எளிது. திறக்கும் நேரத்தை முன்கூட்டி விசாரித்துக்கொண்டு, காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறினால் மதில் சூட்டைக் கக்கும். அப்படியே 1911-லிருந்து இருந்துவரும் இராஜ மாரியம்மன் கோயிலுக்கும் போய்க் கும்பிட்டுவிட்டு வரலாம். பிள்ளைகள் கம்பிக்குப் பின்னால் நின்று சிரித்துக்கொண்டு படம் பிடிக்கட்டும், தடுக்க வேண்டாம். ஆனால் வீட்டுப் பெரியவரை அவசியம் அழைத்துப் போங்கள். வர மறுத்தால், ஏன் மறுக்கிறார் என்று கேளுங்கள்.

எங்கள் பெரியப்பா திரும்பி வரும் வழியில் நன்றாகப் பேசினார். வாசலைத் தாண்டும்போது பேரன் தன் பள்ளி நோட்டுப் புத்தகத்தை எடுத்தான்.

"பூட்டா, ஓடிப்போனாரே, அந்தத் தாத்தா பேர் என்ன?"

பெரியப்பா கொஞ்ச நேரம் மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவருடைய முழுப் பெயரையும், பிறந்த ஊரையும், தகப்பன் பெயரையும் சத்தமாகச் சொன்னார். இத்தனை வருடத்தில் எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சத்தமாகச் சொன்னதில்லை. பேரன் தமிழில் எழுதிக்கொண்டான். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று கேட்டான். பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்துப் பார்த்தார்.

"சரியாக இருக்கிறது" என்றார். பேனாவை வாங்கி, அதன் கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.